ஊற்றிக் குளிப்பதும் ஊறிக் குளிப்பதும்: ஹேவீஸ் வெந்நீர் ஏரியில் நான்கு நாட்கள்

போன வாரம்தான் வலது மணிக்கட்டிலிருந்து மாவுக்கட்டை எடுத்தார்கள். ஆறு வாரம் ஒற்றைக் கையால் சட்டை போட்டு, ஒற்றைக் கையால் சோறு வடித்து, தலை பின்ன மகளைக் கூப்பிட்டுக் காலம் தள்ளினேன். ஓய்வுக்காகப் போன இடத்தில் வாங்கி வந்த முறிவு இது. புறப்படும் முன் இந்த விஷயங்களில் நாலைந்தை யாராவது சொல்லியிருந்தால் கையும் தப்பியிருக்கும், காசும் தப்பியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் திருகோணமலைக்காரி. மியூனிக்கில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினெட்டு வருடமாக வேலை. நின்று நின்று முழங்காலும் இடுப்பும் போய்விட்டன. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு ஜெர்மன் பாட்டி, ஹங்கேரியில் ஹேவீஸ் என்றொரு வெந்நீர் ஏரி இருக்கிறது, இளமையில் வருடம்தோறும் அங்கே போய் வந்தேன், அதனால்தான் தொண்ணூறு வயதிலும் நடக்கிறேன் என்று அடிக்கடி சொல்வார். ஹேவீஸ் என்ற பெயருக்கே அவர்கள் மொழியில் வெந்நீர் என்றுதான் பொருள். எனக்கு உடனே கன்னியா நினைவுக்கு வந்தது. திருகோணமலையில் பிறந்தவர்களுக்குக் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் ஈமக் கடனுக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். அம்மா வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவார். பத்து வாளி, பதினைந்து வாளி, அவ்வளவுதான். வெந்நீரூற்று என்றால் எனக்குத் தெரிந்தது அந்த வாளிதான். தண்ணீருக்குள் மணிக்கணக்கில் ஊறிக் கிடப்பது முற்றிலும் வேறு காரியம் என்பது எனக்குத் தெரியாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

2023 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை போய், செவ்வாய்க்கிழமை திரும்புவதாகத் திட்டம். வேலையில் சேர்ந்தாற்போல் கிடைத்த விடுமுறை அது. விடுதியை இணையத்தில் பதிவு செய்தேன். "ஏரிக்கரையில், வெந்நீர்க் குளியலுக்கு அருகில்" என்று போட்டிருந்தார்கள். நான்கு இரவு, காலையும் இரவும் சாப்பாட்டோடு 412 யூரோ, ரத்து செய்தால் பணம் திரும்பாது. இங்கேதான் முதல் இடறல். அந்தப் பகுதியில் ஏரிகள் இரண்டு. ஒன்று பாலட்டன். மத்திய ஐரோப்பாவிலேயே பெரிய ஏரி, ஆனால் சாதாரணத் தண்ணீர். இன்னொன்றுதான் ஹேவீஸ், வெறும் 4.4 ஹெக்டேர், அதாவது 11 ஏக்கர் அளவுக்குள் அடங்கிவிடும். இந்தச் சின்ன ஏரியைச் சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு நிற்கிறது. ஆகவே அதன் தண்ணீர் விளிம்பில் விடுதி எதுவும் கிடையாது. நான் பதிவு செய்த விடுதியின் ஏரிக்கரை பாலட்டன் கரை, ஊர் கெஸ்ட்ஹெய். வெந்நீர் ஏரி அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பஸ் அடிக்கடி ஓடுகிறது, கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் வெந்நீரில் ஊறிச் சோர்ந்த உடம்போடு, ஈரத் தலையோடு, ஒக்டோபர் காற்றில் பஸ்ஸுக்கு நிற்பது நல்லதல்ல. பதிவு செய்யும்போது விளம்பர வரியை நம்பாமல், வரைபடத்தைத் திறந்து விடுதிக்கும் ஹேவீஸ் ஏரியின் நுழைவாயிலுக்கும் இடையே எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேலென்றால் வேறு இடம் தேடுங்கள். தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் தனியாகக் கேட்பார்கள், அது விளம்பரத்தில் உள்ள விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

மியூனிக்கிலிருந்து புடாபெஸ்டுக்கு நேர் ரயில், ஏறக்குறைய ஏழு மணி நேரம். அது கெலெட்டி நிலையத்தில் நிற்கிறது. கெஸ்ட்ஹெய் போகும் என் அடுத்த ரயில் டேலி நிலையத்திலிருந்து. டிக்கெட்டில் இரண்டு பெயரும் தெளிவாகத்தான் இருந்தன. புடாபெஸ்ட் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, இறங்கிய இடத்திலேயே அடுத்ததும் வரும் என்று நினைத்து அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றேன். கெலெட்டி என்றால் கிழக்கு, டேலி என்றால் தெற்கு. நகரத்தின் இரு பக்கத்தில் இருக்கும் இரண்டு நிலையங்கள். இரண்டையும் இணைப்பது எம் 2 என்ற சிவப்பு நிற மெட்ரோ, கால் மணி நேரப் பயணம். இதைத் தெரிந்துகொண்டபோது என் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். இருக்கை முன்பதிவுக் காசு ஐந்து யூரோ போனதைவிட, பாலட்டனின் தென்கரையை ஒட்டி ஓடும் அந்த அழகான பாதையை முழு இருட்டில் கடந்ததுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிந்தது. கண்ணாடியில் என் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது இரவு பத்தரை. டாக்சிக்குப் பதினான்கு யூரோ, விடுதியில் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. பையில் இருந்த இரண்டு வாழைப்பழத்தோடு படுத்தேன். புடாபெஸ்டில் ரயில் மாறுகிறவர்கள் இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

சனிக்கிழமை காலை ஏரிக்குப் போனேன். என் இடுப்புக்காக முக்கியமாக நினைத்திருந்தது எடைக் குளியல். கழுத்தையோ அக்குளையோ தாங்கிப் பிடித்து, தண்ணீரில் உடம்பை நிமிர்த்தித் தொங்கவிட்டு, இடுப்பிலோ காலிலோ எடை கட்டி முதுகெலும்பை மெதுவாக இழுக்கும் சிகிச்சை அது. 1953இல் காரோய் மோல் என்ற வைத்தியர் இதே ஹேவீஸில்தான் அதை உருவாக்கினார். ஜெர்மன் பாட்டி சொன்னதும் இதைத்தான். முகப்பில் கேட்டேன். முதலில் வைத்தியர் பார்க்க வேண்டும், முதுகின் எக்ஸ்ரே படங்கள் இருந்தால் காட்ட வேண்டும், அவர் எழுதிக் கொடுத்தால்தான் சிகிச்சை என்றார் அங்கிருந்த பெண். அவர் சொன்னது நியாயம். எலும்பு தேய்ந்த முதுகில் எடை கட்டி இழுப்பதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. ஆனால் அன்று சனி, மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமை ஒக்டோபர் 23, 1956 புரட்சியின் நினைவாக ஹங்கேரியின் தேசிய விடுமுறை. வைத்தியரை இனிச் செவ்வாய்க்கிழமைதான் பார்க்கலாம். செவ்வாய் காலை எனக்கு ரயில். நான்கு நாளில் மூன்று நாள் மூடிய நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என் முதுகுப் படங்களோ மியூனிக்கில் அலமாரிக்குள். அந்த முகப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே போக நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: போவது ஓய்வுக்கா, வைத்தியத்துக்கா? ஓய்வுக்கென்றால் மூன்று நான்கு நாள் போதும், எதையும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வைத்தியத்துக்கென்றால் இரண்டு மூன்று வாரம் தங்கிச் செய்கிற முறை அது. பழைய படங்களும் மருந்துப் பட்டியலும் கையில் வேண்டும், வைத்தியரின் நேரத்தை வீட்டிலிருந்தே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும், அந்த நாட்டு விடுமுறை நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பொதுக் காப்புறுதி உள்ளவர்கள் புறப்படும் முன்பே காப்புறுதியிடம் விண்ணப்பித்து அனுமதி கேட்கலாம். போய் வந்த பிறகு கேட்டால் பயனில்லை.

சரி, ஏரியாவது இருக்கிறதே என்று மூன்று மணி நேர டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: என் வாழ்க்கையில் பார்த்த அழகான இடங்களில் அது ஒன்று. கூரை போட்ட மரப் பாலம் ஒன்று கரையிலிருந்து ஏரியின் நடுவுக்குப் போகிறது. அங்கே தண்ணீருக்கு மேல் கால்கள் ஊன்றிய குளியல் மண்டபம். சுற்றிலும் ஆவி. ஆவிக்குள் மனிதத் தலைகள் சத்தமில்லாமல் மிதக்கின்றன. ஓரங்களில் அல்லி, அதுவும் நம் செவ்வல்லி. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட இந்த இனத்தை 1898இல் ஷாண்டோர் லோவாஷி என்பவர் இங்கே நட்டார். ஐரோப்பியக் குளிரில் இது பிழைத்திருப்பதற்கு ஒரே காரணம் ஏரி உறைவதில்லை என்பதுதான். ஒக்டோபர் பிற்பகுதியிலும் பூத்திருந்தது. ஊர்க் குளத்தில் பார்த்த பூவை முப்பது வருடம் கழித்து அந்த ஆவிக்குள் பார்த்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

ஆனால் ஏரியைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, சூடு. அடியிலுள்ள குகையில் சூடான ஊற்றும் குளிர்ந்த ஊற்றும் கலந்து 38 டிகிரி அளவில் தண்ணீர் வெளியே வருகிறது, நொடிக்கு 400 லீட்டருக்கு மேல். மூன்று மூன்றரை நாளில் ஏரித் தண்ணீர் முழுவதும் மாறிவிடும். மேலே வரும்போது அந்தச் சூடு இருப்பதில்லை. கோடையில் 33, 35 டிகிரி. நடுக்குளிர்காலத்தில் 24ஐ ஒட்டி இறங்கிவிடும். அன்று பலகையில் 29 என்று எழுதியிருந்தது. கன்னியாவின் சூட்டை எதிர்பார்த்து இறங்கியவளுக்கு அது வெதுவெதுப்பு மட்டுமே. கொதிக்கக் கொதிக்கக் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் கோடையில் போங்கள். இரண்டாவது, ஆழம். ஊற்று இருக்கும் இடத்தில் 38 மீட்டர். மற்ற இடங்களிலும் கால் ஊன்ற நினைக்காதீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. காற்றடைத்த ரப்பர் வளையம் வாடகைக்குக் கிடைக்கிறது, பிடித்துக்கொண்டு நிற்கத் தண்ணீருக்குள் மரக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் கம்பியைவிட்டுக் கை வரவில்லை. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்ற உணர்வு, கறுத்த பச்சைத் தண்ணீர், மெல்லிய கந்தக வாடை. பிறகு பழகிவிட்டது. அன்று மாலை விடுதியில் காலைத் துடைக்கும்போது பார்த்தேன், இரண்டு கால் மெட்டியும் கரிபோலக் கறுத்திருந்தன. ஒரு கணம் பயந்துபோனேன். கந்தகத் தண்ணீர் பட்டால் வெள்ளி அப்படித்தான் கறுக்கும். கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எதுவானாலும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கைக்கடிகாரத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியதால் நேரம் தெரியாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டினேன். வெளியே வரும்போது ஆறு யூரோ கூடுதலாகக் கட்டினேன். காசு பெரிதில்லை. ஆனால் அது தந்த எச்சரிக்கையை நான் கேட்கவில்லை: இந்தத் தண்ணீரில் நேரம் போவது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. சிகிச்சை கிடைக்கவில்லை, தண்ணீரையாவது முழுதாக அனுபவித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் என்னிடம் இருந்தது. காலையில் பிரஷர் குளிசை இரண்டும் போட்டேன். அதில் ஒன்று சிறுநீரை அதிகமாக்கும் குளிசை. வயிறு பாரமாக இருந்தால் நீரில் சிரமம் என்று ஒரு தேநீரோடு புறப்பட்டேன். ஏரியில் ஒரு மணி நேரம். பிறகு குளிர்வது போலிருந்ததால் உள்ளே இருந்த சூடான தொட்டிக்குள் இறங்கினேன். கழுத்துவரை வெந்நீர். முழங்கால் வலி கரைவது போலிருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உடம்பில் எங்குமே வலியில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் இருந்திருப்பேன். எழுந்து படியில் இரண்டாவது அடி வைத்தபோது காது அடைத்தது, சுவர் ஓடுகள் வெள்ளையாகி மறைந்தன. வலது கையை ஊன்றியது மட்டும் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது ஈரத் தரையில் கிடந்தேன். எழுபது வயதிருக்கும் ஓர் ஹங்கேரியப் பெண், பூப்போட்ட குளியல் தொப்பியோடு, என் இரண்டு குதிகாலையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் எழ முயன்றபோது, "எழும்பாதீர்கள் அம்மணி, படுத்தே இருங்கள்" என்று ஜெர்மனில் அதட்டினார். அந்த ஊரில் ஜெர்மன் தெரிந்தவர்கள் நிறைய, அது என் நல்ல காலம். "எத்தனை நிமிடம் இருந்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "நான் இருபது நிமிடத்துக்கு மேல் இருப்பதேயில்லை. இது மருந்து. மருந்தை யாராவது போத்தலோடு குடிப்பார்களா?" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பிறகு மியூனிக்கில் என் குடும்ப வைத்தியர் விளக்கினார். வெந்நீரில் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்துவிடும், அழுத்தம் இறங்கும். கழுத்துவரை மூழ்கியிருக்கும்போது தண்ணீரின் அழுத்தம் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். நீர் கூடிவிட்டதென்று நினைத்து உடம்பு சிறுநீராக வெளியேற்றும். வியர்வையும் போகும், ஆனால் தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது. திடீரென்று எழுந்தால் தாங்கிப் பிடித்த தண்ணீர் விலகி, இரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போதாமல் போகும். பிரஷர் குளிசையும் வெறும் வயிறும் அதோடு சேர்ந்தால் விழாமலிருப்பதுதான் ஆச்சரியம் என்றார். கன்னியாவில் இது நடக்காததற்கு இப்போது காரணம் புரிகிறது. அங்கே நின்றபடி ஊற்றிக் குளிக்கிறோம், சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஊறுவதென்றால் கணக்கு வேறு. முதல் நாள் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகும் இருபதைத் தாண்டாமல். வெளியே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து அரை மணி நேரம் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். எழும்போது முதலில் படியில் உட்கார்ந்து, இடுப்புவரை தண்ணீரில் இரண்டு நிமிடம் இருந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். இதய பலவீனம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், காய்ச்சல், காலில் இரத்தக் கட்டி, புற்றுநோய்ச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்கள், குளிக்கும் நாளில் எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று முன்பே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

குளியல் மண்டபத்தில் கையைக் கட்டிவிட்டு, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். எனக்காக இவ்வளவு பேர் கூடி நிற்கிறார்களே என்ற கூச்சம். அதுதான் அந்தப் பயணத்தின் விலை உயர்ந்த பதில். விடுதிக்கு வந்ததும் கை வீங்கிப் பணியாரம் போலானது. விடுதியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் முகவரியைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள், எலும்பில் கீறல், அரைக்கட்டுப் போட்டார்கள், 85,000 ஃபோரிண்ட் கேட்டார்கள், வங்கி அட்டை எடுப்பதில்லை என்றார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் 221 யூரோ. பக்கத்துப் பண இயந்திரத்தில் எடுக்கும்போது, யூரோவில் கணக்கிடட்டுமா என்று திரை கேட்டது. வலியில் ஆம் என்று அழுத்தினேன். அதில் மட்டும் 24 யூரோ கூடுதலாகப் போயிற்று. ஹங்கேரியில் எந்த இயந்திரம் கேட்டாலும் ஃபோரிண்ட் என்றுதான் அழுத்த வேண்டும். மாற்றுக் கணக்கை உங்கள் வங்கி செய்யட்டும்.

எல்லாம் முடிந்து இரவில் மகளுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, காப்புறுதி அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். பார்த்ததே இல்லை. ஜெர்மன் பொதுக் காப்புறுதி அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய சுகாதார அட்டை. ஹங்கேரியின் அரசு வைத்தியசாலையில் அதை நீட்டியிருந்தால் அவசர சிகிச்சை அந்த நாட்டு மக்களுக்குக் கிடைப்பது போலவே எனக்கும் கிடைத்திருக்கும். தனியாரிடம் அது செல்லாது. அவசரமென்றால் 112 அழையுங்கள், கூச்சப்படாதீர்கள். அந்த அட்டை உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவைத் தராது என்பதால், வருடத்துக்குச் சிறு தொகை கட்டும் பயணக் காப்புறுதியும் வேண்டும். "சொல்லாமல் தனியாகக் குளிக்கப் போனீர்களே அம்மா" என்று மகள் அழுதாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் அறையிலேயே. கடைகள் எல்லாம் பூட்டு, வலி மாத்திரை வாங்க முறைப்பணியில் திறந்திருந்த மருந்தகத்தைத் தேடி விடுதிப் பையன் போய் வந்தான். செவ்வாய்க்கிழமை ஒற்றைக் கையால் பெட்டியை இழுத்துக்கொண்டு டேலியில் இறங்கி, சிவப்பு மெட்ரோ பிடித்து, கெலெட்டிக்கு வந்தேன். இந்த முறை இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தது. கூட்டிப் பார்த்தால் வீணானது 270 யூரோ. விடுப்பில் இருந்த ஆறு வாரமும் சம்பளம் வந்தது, ஆனால் டிசம்பருக்காக நம்பியிருந்த கூடுதல் முறைவேலைகள் கைநழுவின. தனியார் பற்றுச்சீட்டைக் காப்புறுதிக்கு அனுப்பினேன். ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். எந்தச் சீட்டையும் எறியாதீர்கள், என்ன செய்தார்கள் என்று விவரமாக எழுதி வாங்குங்கள்.

அடுத்த ஜூனில் மறுபடியும் போகிறேன், மகளோடு, இரண்டு வாரம். வைத்தியரின் நேரம் எழுதிக் கேட்டாயிற்று, புதன்கிழமை காலை ஒன்பது மணி. விடுதி ஏரி வாசலிலிருந்து ஆறு நிமிட நடை. முதுகுப் படங்கள் இப்போதே பெட்டிக்குள் இருக்கின்றன. மெட்டியைப் புளி போட்டுத் தேய்த்ததில் ஒன்று வெளுத்துவிட்டது. மற்றதன் உட்பக்கத்தில் இன்னும் ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது.